சகலையின் தேயிலைப் பெட்டி

ஒலிபெருக்கித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் இப்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வால்வு வைத்துக் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய பெட்டிகளைத் தேடி ஏன் இன்னும் ஆட்கள் அலைகிறார்கள், அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று. எந்த வால்வுக்கு எத்தனை வோல்ட், எந்தக் காலில் எந்த வயர் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்லப்போவது என் சகலை நடராஜனைப் பற்றி. அவர் மேல் எனக்கிருந்த பொறாமையைப் பற்றி. அந்தப் பொறாமை மட்டும் இல்லாதிருந்தால் வால்வின் ஒலியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்காது.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் கடைத்தெருவில் ஒரு ரேடியோக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். ரேடியோ பழுது பார்ப்பது பாதி வேலை. கூட்டங்களுக்கும் திருவிழாக்களுக்கும் லவுட்ஸ்பீக்கர் செட்டைத் தூக்கிக்கொண்டு போவது மீதி. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இரண்டாவதுதான்.

ஒரு தொழிற்சங்கக் கூட்டம். வேலைநிறுத்தம் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய நாள். தோட்டத்து மைதானம் கொள்ளாமல் ஆட்கள். தலைவர் பேச ஆரம்பித்ததும் காற்று திசை மாறியது. ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள்ளேயே போய் விழுந்து, செட் ஊளையிட ஆரம்பித்தது. யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று கூட்டத்தின் பின்பக்கம் கூச்சல் கிளம்பிவிட்டது. சத்தத்தைக் குறைத்தால் ஊளை நின்றுவிடும். ஆனால் பேச்சும் நின்றுவிடும். நான் மேடையில் ஏறி, தலைவரின் இரண்டு தோளையும் பிடித்து, அவரை அப்படியே கால்வாசி திருப்பி நிறுத்தினேன். "இப்புடியே நின்னு பேசுங்க ஐயா, அசையாதீங்க" என்றேன். அவர் முறைத்தார். ஆனால் பேசினார். அவர் உடம்பு ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குப் போகாமல் மறைக்க, ஊளை நின்றது. எதிர்மலையில் நின்றவர்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அன்று முதல் என் பெயரைச் சொல்லி, "மணி செட்டுன்னா பேச்சு தண்ணி மாதிரி இருக்கும்" என்று தோட்டங்களில் பேச்சாகிவிட்டது. எனக்கும் அந்தப் பெருமை தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே போன ஒலி எப்படியோ, அப்படியே கூட்டாமல் குறைக்காமல் வெளியே வர வேண்டும்; கரகரப்பு என்றால் குற்றம். இதுதான் என் மதம்.

இந்த மதத்தோடு இருந்த என்னிடம்தான் பிரான்சிஸ் மாஸ்டர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் றொசல்லைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. சனி, ஞாயிறுகளில் நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து கலியாண வீடுகளில் வாத்தியம் வாசிப்பார். ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு பறங்கிக்காரரிடம் மின்சாரக் கிட்டார் ஒன்றை வாங்கியிருந்தார். கிட்டார் இருந்தது, அதைப் பாட வைக்கும் பெட்டி இல்லை. வெளிநாட்டுப் பெட்டி வாங்குவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

"நீங்க செஞ்சு குடுங்க மணி. ஒங்களவிட்டா இந்த மலையில வேற யாரு இருக்கா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் உயிரைக் கொடுத்து உழைத்தேன். வால்வு கம்பெனிப் புத்தகத்தில் இருந்த படத்தை வைத்து, பெரிய டிரான்ஸ்ஃபோமர், பெரிய வால்வுகள், தாராளமான மின்சாரம் என்று கட்டினேன். வெளியே போகும் ஒலியில் கொஞ்சத்தை ஒரு வயர் வழியாக உள்ளே திருப்பிக் கொண்டுவந்தால், பெட்டி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். அதற்கு ஃபீட்பேக் வயர் என்று பெயர். அதையும் ஒழுங்காகப் போட்டேன். மீட்டரில் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நின்றது.

மாஸ்டர் கடையிலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். நிறைய நேரம் வாசித்தார்.

"எப்புடிங்க மாஸ்டர்?"

"நல்லா கேக்குது மணி. ரொம்பத் தெளிவா கேக்குது."

"ஆனா?"

"ஆனான்னு ஒண்ணுமில்ல." கிட்டாரைத் தடவிக்கொண்டார். "தட்டினா சத்தம் வருது, நின்னுருது. பள்ளிக்கூடத்து மணி மாதிரி. நான் அழுத்தி வாசிச்சாலும் மெதுவா வாசிச்சாலும் அதுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

எனக்கு அது விளங்கவில்லை. பெட்டிக்கு எதற்கு ஏதாவது தெரிய வேண்டும்? அது பெட்டி. மாஸ்டர் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருடம் போல அதை வைத்தே வாசித்தார்.

அதற்குப் பிறகுதான் நடராஜன் வருகிறார்.

என் மனைவி புஷ்பத்தின் அக்காளைக் கட்டியவர். வட்டவளை ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சின்ன அறையில் கடை. ரேடியோ, டோர்ச் லைட், பெட்ரோமாக்ஸ், சுவர்க் கடிகாரம், எது வந்தாலும் பார்ப்பார். அவரிடம் மீட்டர் ஒன்று இருந்தது. அது உறையைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வாய் மட்டும் ஓயாது. "என் கை பட்டா செத்த ரேடியோவும் பாடும் சகல" என்பார். பாதி நாள் கடை பூட்டியிருக்கும். கேட்டால் மீன் பிடிக்கப் போனேன் என்பார். அப்படிப்பட்டவர்.

உடைந்த ரேடியோக்களில் இருந்து கழற்றிய சாமான்களை வைத்து, தேயிலை ஏற்றுமதிக்கு வரும் பலகைப் பெட்டி ஒன்றுக்குள் அவர் ஒரு கிட்டார் பெட்டி செய்தார். பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் முத்திரை அழியாமல் அப்படியே இருந்தது. ரயிலுக்குக் காத்திருந்த மாஸ்டரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அன்று மாஸ்டர் இரண்டு ரயிலை விட்டுவிட்டாராம்.

அடுத்த வாரம் என் பெட்டி என்னிடமே திரும்பி வந்தது. "வச்சிருங்க மணி, யாருக்காவது ஒதவும்" என்றார் மாஸ்டர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பிகளே, இதை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள் என்று நான் நம்பவில்லை. நம்மைவிட நன்றாகப் படித்தவன், உழைத்தவன் முந்திக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளலாம். மீன் பிடிக்கப் போகிறவன் முந்தினால்? ஆறு மாதத்துக்குள் "நடராஜன் பெட்டி" என்று பெயரே வந்துவிட்டது. தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனால் லயத்து வரிசை வீடுகளின் அக்கம்பக்கத்தவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மாமியார் எனக்கும் பலகாரம் வைப்பார். ஆனால் கண் அங்கே இருக்கும். "மூத்த மாப்ள கை ராசியான கை" என்பார். நான் வாயில் போட்ட முறுக்கை மெல்லாமல் வைத்துக்கொண்டிருப்பேன்.

"நீங்க செஞ்ச பெட்டி என்னாச்சு சகல?" என்று ஒருமுறை எல்லோர் முன்பாகவும் கேட்டார்.

"இருக்கு. பேச்சுக்குப் பாவிக்கிறேன்."

"பேச்சுக்கு அதுதான் சரி" என்றார். அவர் குத்தலாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாஸ்டரின் கோஷ்டி எங்கே வாசித்தாலும் போனேன். அழைப்பு இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. ஹட்டன் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தின் ஜன்னலுக்குக் கீழே, மழைத் தூறலில், குடையைப் பிடித்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். அதில் ஒரு பிழை கண்டுபிடிப்பதுதான் என் நோக்கம். கண்டுபிடிக்கவும் செய்தேன். அழுத்தி வாசித்தால் அந்தப் பெட்டி கரகரத்தது. பாரேன், சுத்தமில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஆனால் ஜன்னலுக்குக் கீழே தனியாக நிற்கும்போது பொய் சொல்ல ஆள் இல்லை. மாஸ்டர் மெதுவாகத் தொட்டால் ஒலி மெழுகு மாதிரி வழவழவென்று வந்தது. கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு, தொண்டை கட்டிய பாடகியின் குரல் மாதிரி. ஓங்கி அடித்தாலோ, அந்தச் சுரம் ஒரு கணம் தலையைக் குனிந்து, பிறகு மெல்ல நிமிர்ந்து, விரிந்துகொண்டே போனது. அது எத்தனை நேரம் குனிகிறது, எவ்வளவு நிமிர்கிறது, எந்த அழுத்தத்தில் கரகரக்க ஆரம்பிக்கிறது என்று எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்து படுத்தாலும் அதுதான் காதில்.

ஒருநாள் நனைந்த சட்டையோடு வந்து நின்றபோது புஷ்பம் துவாயைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்:

"ஒண்ணு கேக்கவா? அக்கா வீட்டு மாமா செஞ்ச பெட்டி கெட்டுப்போகணும்னு நெனைக்கிறீங்களா, இல்ல அதே மாதிரி ஒண்ணு நீங்க செய்யணும்னு நெனைக்கிறீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டில் முதலாவது நடந்தது.

அப்போது அறுபதுகள் பிறந்துவிட்டன. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, வால்வு ஒன்று கிடைப்பதே பெரும்பாடாகியிருந்தது. ஏப்ரல் மாதம், நுவரெலியாவில் குளிரைத் தேடி ஆட்கள் வந்து குவியும் சீசன். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேநீர் நடனத்துக்கு மாஸ்டரின் கோஷ்டியைக் கூப்பிட்டிருந்தார்கள். பிடித்துவிட்டால் சீசன் முழுவதும் அவர்கள்தான். அதுவரை தோட்டத்தில் பிறந்த ஒருவர் அந்த மண்டபத்துக்குள் போனதென்றால் தட்டு எடுக்கத்தான் போனார். மேடையில் ஏறப் போனதில்லை. றொசல்லையில் இருந்து வட்டவளை வரை அதுதான் பேச்சு.

சனிக்கிழமை காலை மாஸ்டர் ஒரு வேனில் இருந்து இறங்கினார். தேயிலைப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். வேர்த்துப்போயிருந்தார்.

"நேத்து வாசிச்சுக்கிட்டு இருக்கையில அப்புடியே அடங்கிப்போச்சு மணி. இப்ப ஒரு சத்தமும் இல்ல."

"சகலகிட்ட கொண்டுபோகலையா?"

"அவரு திருச்சிப் பக்கம் கலியாணத்துக்குப் போயிட்டாரு. தலைமன்னார்ல கப்பலேறி நாலு நாளாச்சு. நாளைக்கு வாசிக்கணும் மணி."

என் மனதில் முதலில் வந்தது என்ன என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தோஷம்.

"அதுக்கென்ன மாஸ்டர்? என் பெட்டி இங்கதானே இருக்கு. எடுத்துட்டுப் போங்க. ஒரு கொறையும் வராது."

மாஸ்டர் மேசையின் மூலையைப் பார்த்தார். "அது வேணாம் மணி" என்றார் மெதுவாக. "கோவிச்சுக்காதீங்க. அத வச்சு வாசிச்சா நான் வாசிக்கிற மாதிரி இல்ல."

நாளை மண்டபத்தில் ஒன்றுமே இல்லாமல் நிற்கப்போகிற மனிதர், என் பெட்டி இருந்தும் வேண்டாம் என்கிறார். அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துப் பின்பலகையைக் கழற்றினேன்.

இரண்டு வருடமாகத் திறந்து பார்க்கத் துடித்த பெட்டி. உள்ளே பார்த்தால் பிழைக்கு மேல் பிழை. ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்ஃபோமர் ஏதோ சின்ன ரேடியோவில் இருந்து எடுத்தது, பாதிதான் தாங்கும். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர் அளவில் சின்னது. மின்சாரத்தை ஒரே திசையாக்கிக் கொடுக்கும் ரெக்டிஃபையர் வால்வு, தேவைக்கு மீறி இழுத்தால் மூச்சு வாங்கும் பலவீனமான வகை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபீட்பேக் வயர் ஒரு பக்கம் கழன்று சும்மா தொங்கியது. என்னிடம் இப்படி ஒருவன் கட்டிக் கொடுத்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

செத்துப்போனது அந்த ரெக்டிஃபையர் வால்வுதான். அதே வகை ஹட்டனில் எங்கேயும் இல்லை. என் பெட்டியில் இருந்த பெரிய வால்வை வைத்தால், அதைச் சூடாக்கவே, பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் இன்னொரு சின்ன டிரான்ஸ்ஃபோமருக்குத் தெம்பு போதாது. ஆனால் என்னிடம் அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த சிலிக்கன் டயோட் இரண்டு இருந்தன. நகம் அளவு சாமான். வால்வு செய்யும் அதே வேலையைச் சோர்வே இல்லாமல் செய்யும். இரண்டையும் பற்றவைத்தேன். பெட்டிக்கு உயிர் வந்தது.

"வாசிங்க மாஸ்டர்."

வாசித்தார். சத்தம் முன்பைவிடப் பலமாக இருந்தது. தெளிவாகவும் இருந்தது. ஓங்கி அடித்தால் டங்கென்று வந்து டங்கென்று நின்றது. அவர் விரல் நின்றுவிட்டது.

"மணி, இது ஒங்க பெட்டி மாதிரி கேக்குது."

இங்கேதான், தம்பிகளே, நீங்கள் நிதானிக்க வேண்டிய இடம். அந்த நிமிடத்தில் நான் அப்படியே மூடிக் கொடுத்திருக்கலாம். பழுது சரியாகிவிட்டது, யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தொங்கும் வயரையும் புத்தகப்படி பற்றவைத்துவிட்டால் நடராஜன் பெட்டி என்ற ஒன்றே உலகத்தில் இருக்காது. நாளைக்கு நுவரெலியாவில் எல்லோரும் கேட்கப்போவது மணியின் ஒலி. கை அந்த வயரைத் தொட்டும்விட்டது.

அப்போது உள்ளே ஒலியைப் பெருக்கும் பெரிய வால்வுகளைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த தகடுகள் மங்கலாகச் சிவக்க ஆரம்பித்திருந்தன. டயோட் சோர்வில்லாமல் அனுப்பும் மின்சாரம் அவற்றுக்கு அளவுக்கு அதிகம். இப்படியே அனுப்பினால் மண்டபத்தில் பாதி நடனத்தில் பெட்டி எரிந்துபோகும். பட்டென்று அணைத்தேன்.

அந்தச் சிவப்புதான் எனக்கு வழி காட்டியது. பலவீனம் என்று நான் நினைத்தது பலவீனமல்ல. ஓங்கி அடிக்கும்போது பெட்டி மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது, பழைய வால்வு அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு கணம் தாழ்கிறது, ஒலியும் தாழ்கிறது, பிறகு வால்வு சமாளித்துக்கொள்ள, ஒலியும் நிமிர்கிறது. நான் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்ட குனிவும் நிமிர்வும் அந்த மூச்சுவாங்கல்தான். ஃபீட்பேக் வயர் இல்லாததால் பிழையைத் திருத்த ஆளில்லை. அதனால் கரகரப்பு எல்லை கடந்ததும் சட்டென்று கிழியாமல், விரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மாஸ்டர் சொன்னது இதைத்தான். இந்தப் பெட்டிக்கு அவர் எப்படி வாசிக்கிறார் என்று தெரிகிறது.

அப்படியானால் டயோடுக்கு மூச்சு வாங்க வைக்க வேண்டும். பழைய ரேடியோ ஒன்றில் இருந்து, வயர் சுற்றிய பெரிய ரெசிஸ்டரைக் கழற்றினேன். நடுவில் ஒரு கிளிப் இருக்கும். அதை நகர்த்தினால் தடை கூடும், குறையும். டயோடுக்கு அடுத்து அதை இணைத்தேன். ஆனால் கிளிப்பை எங்கே நிறுத்துவது? செத்த வால்வில் அளந்து பார்க்க முடியாது. செய்தவர் கடலுக்கு அந்தப் பக்கம். அவர் இங்கே இருந்தாலும் மீட்டரை உறையைவிட்டு எடுத்திருக்க மாட்டார்.

என் காது இருந்தது. இரண்டு வருடமாகப் பொறாமையில் வெந்து வெந்து மனப்பாடம் செய்த காது. அந்தப் பெட்டியின் ஒலி அதைச் செய்தவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"ஒரே சுரத்த ஓங்கி அடிங்க மாஸ்டர்." அடித்தார். குனியவில்லை. அணைத்து, உள்ளே மின்சாரம் வடியும்வரை பொறுத்து, கிளிப்பை நகர்த்தி, மறுபடி போட்டேன். "இன்னொரு தடவ." கொஞ்சம் குனிந்தது. மறுபடி அணைத்தேன். இப்படியே மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரு இடத்தில் அளவுக்கு மீறிக் குனிந்து, ஒலி களைத்துப் படுத்துக்கொண்டது. கொஞ்சம் பின்னால் கொண்டுவந்தேன். மாஸ்டர் அடித்தார். அந்தச் சுரம் தலையைக் குனிந்தது. மெல்ல நிமிர்ந்தது. விரிந்தது.

மாஸ்டர் ஒரு முழுப் பாட்டையும் வாசித்து முடித்தார். வால்வுகள் சிவக்கவில்லை. நான் தொங்கிக்கொண்டிருந்த வயரை அப்படியே தொங்கவிட்டுப் பின்பலகையை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். மேடைக்குப் பின்னால், திரைக்குப் பக்கத்தில், கையில் ஸ்க்ரூ ட்ரைவரோடு நின்றேன். வெளியே குளிர், உள்ளே கோட்டுப் போட்டவர்களும் கவுன் போட்டவர்களும். முதல் பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டில் மாஸ்டர் அந்த நீண்ட சுரத்தை அடித்தபோது ஒரு வயதான தம்பதி எழுந்தார்கள். பிறகு மண்டபமே எழுந்தது. சீசன் முழுவதும் நீங்களே வாசியுங்கள் என்று மனேஜர் மேடைக்கே வந்து சொன்னார். பெட்டி எங்கே வாங்கியது என்றும் கேட்டார்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னார். இந்தப் பெட்டி வெளிநாட்டில் வாங்கியதல்ல, வட்டவளையில் எங்கள் நடராஜன் தன் கையால் செய்தது என்று. கைதட்டல் கூரையைத் தொட்டது. திரைக்குப் பின்னால் நானும் தட்டினேன். உள்ளங்கை எரிந்தது, வயிறு அதைவிட.

திரும்பி வரும் வழியில் மாஸ்டர், "ஒங்க பேரையும் சொல்லியிருக்கணும் மணி, அந்த நேரத்துல வாயில வரல" என்றார். "பரவால்லங்க" என்றேன். பரவாயில்லாமல் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

சீசன் முடிந்ததும் கோஷ்டிக்கு இன்னொரு கிட்டார் சேர்ந்தது. இன்னொரு பெட்டி வேண்டும். மாஸ்டர் யாரிடம் போவார்? வட்டவளைக்குத்தான் போனார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் நடராஜன் என் கடைக்கு வந்தார். கையில் இன்னொரு தேயிலைப் பெட்டி. முதல் தடவையாக அவர் வாய் மூடியிருந்தது.

"சகல, இதையும் அதே மாதிரிதான் செஞ்சேன். அதே சாமான், அதே பலகை. பாட மாட்டேங்குது."

மாட்டிப் பார்த்தேன். டங்கென்று வந்து டங்கென்று நின்றது. திறந்தேன். பார்த்த உடனே தெரிந்தது. ஃபீட்பேக் வயர் கழன்று தொங்கவில்லை, ஒழுங்காகப் பற்றவைத்திருந்தது.

"பழைய பெட்டியில இந்த வயர ஏன் கழட்டிவிட்டீங்க?"

"எந்த வயரு?" குனிந்து பார்த்தார். "ஓ, அதுவா! பழசுல இதப் போட்டதும் பெட்டி ஊளைவிட்டுச்சு சகல. கழட்டிட்டேன். இதுல ஊளை வரல, அதனால கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதல் பெட்டியில் டிரான்ஸ்ஃபோமரின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டிருக்கிறார். அதனால் ஊளை. அதைத் திருத்தச் சோம்பல்பட்டு, வயரையே கழற்றிவிட்டார். இந்தச் சோம்பலுக்காகவா நான் மழையில் நின்றேன்?

"கழட்டினதும் நல்லா இருந்துச்சுன்னு எப்புடித் தெரிஞ்சுச்சு?"

"எனக்கு என்னா தெரியும்? மாஸ்டர் வாசிச்சாரு. அவரு மொகத்தப் பாத்தேன், சிரிச்சாரு. அதோட கைய எடுத்துட்டேன்."

அவர் வாயாடி, சோம்பேறி, மீட்டர் தொடாதவர். எல்லாம் சரி. ஆனால் மாஸ்டர் என் கடையில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் வாசித்த அன்று நான் மீட்டரின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையை எங்கே எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கும். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மீட்டர் பெட்டியைப் பற்றிச் சொல்லும், வாசிக்கிறவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

"வச்சிட்டுப் போங்க சகல" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் அந்தப் பெட்டியோடுதான் இருந்தேன். வயரைக் கழற்றினேன். கண்டென்சரை மாற்றிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபோமர் மூன்று வைத்துப் பார்த்தேன். எது எதைச் செய்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். எதிர்பாராமல் வந்ததை வேண்டுமென்றே வரவழைத்தேன். பழையதில் அடிச்சுரங்கள் கொஞ்சம் குழைந்து போகும். அதையும் திருத்தினேன், ஆனால் அளவோடு.

பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு பிற்பகல், றொசல்லையில், வகுப்பறையில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஒதுக்கிவிட்டு மாஸ்டர் உட்கார்ந்து வாசித்தார். நானும் நடராஜனும் சுவரோரம் நின்றோம். இந்தத் தடவை நான் மாஸ்டரின் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகும் கடைசிச் சுரம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"நடராஜன்" என்றார் கண்ணைத் திறந்து, "இது பழசவிட நல்லா இருக்குங்க."

யார் செய்தது என்று சொல்ல மாட்டேன் என நான் முன்பே முடிவு செய்திருந்தேன். நடராஜன் தொண்டையைச் செருமினார்.

"நான் செய்யல மாஸ்டர்" என்றார். "எனக்கு வரல. மணிதான் செஞ்சாரு."

மாஸ்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இத்தனை காலமாக எதிர்பார்த்திருந்த நேரம் அது. ஆனால் என் கண் நடராஜனின் பக்கம் போய்விட்டது. அவர் முகம் கறுத்து, தாடை இறுகி, பார்வை அந்தப் பெட்டியிலேயே குத்திட்டு நின்றது. அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாஸ்டர், இன்னொரு தடவ வாசிங்க" என்றார் நடராஜன்.

மாஸ்டர் வாசித்தார். நடராஜன் பெட்டிக்கு முன்னால் தரையில் குந்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, காதை ஸ்பீக்கருக்கு நேரே வைத்துக் கேட்டார். மீன் பிடிக்கிறவர், கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவர், ஒரு பாட்டை முழுவதும் உட்கார்ந்து கேட்காதவர், மூச்சுவிடாமல் கேட்டார். முடிந்ததும் தரையில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சகல, அடிச்சுரம் இப்புடி நிக்கிதே... முதல் வால்வுக்கு அடியில இருக்கிற கண்டென்சர சின்னதாக்கிட்டீங்களா?"

அதேதான் செய்திருந்தேன். நான் ஒரு வாரம் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததை, அவர் இரண்டாவது தடவை கேட்டதிலேயே பிடித்துவிட்டார்.

"ஆமா" என்றேன். என் வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.